சேவல் மாப்பிள்ளை

வளர்த்த பொண்ணைச் சேவலுக்குக் கட்டிக்கொடுத்தவ. எங்க டவுன்ல போய் இந்தச் செங்கமலம் யாருன்னு நீ கேட்டேன்னா இப்படித்தாம்மா சொல்வாங்க. நீயே சொல்லு, சேவலுக்கு யாராவது பொண்ணு கொடுப்பாங்களா? மாப்பிள்ளை வேற ஆளு. சேவல் அவனுக்குப் பதிலா வந்து நின்னுச்சு, அவ்வளவுதான். மாப்பிள்ளைதான் செத்துப்போயிட்டானே, அவன் எப்படி வந்து நிப்பான்?

பையை மடியில வெச்சுக்கோ, கீழ வெச்சா அழுக்காயிடும். நீ தைப்பிங் வரைக்கும் போறியா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிடுவேன். இறங்குறதுக்குள்ள சொல்லிடுறேன். என் பக்கத்து நியாயத்தையும் யாராவது ஒருத்தர் கேக்கணும்ல.

அவ பேரு பூங்காவனம். நான் வெச்ச பேரு. பெத்தது ஒரு சீனச்சி. கம்யூனிஸ்டுக் கலவரக் காலம் அது. காட்டோரம் காய்கறி போட்டுப் பிழைச்ச சீனவங்களை வெள்ளைக்காரன் லாரியில ஏத்திக் கொண்டாந்து முள்கம்பி வேலிக்குள்ள அடைச்சு வெச்சான். அந்த வேலிக்குப் பக்கத்துத் தோட்டத்துலதான் நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர் மரம் சீவிட்டிருந்தோம். எனக்கு வயித்துல வந்ததெல்லாம் தங்காமப் போயிட்டிருந்த நேரம். அந்தச் சீனச்சி ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பச்சப் புள்ளையைக் காட்டி, வேணுமான்னு கேக்குறா.

ஏன் கொடுக்குறேன்னேன். சீனக் கணக்குல அது புலி வருசத்துல பொறந்ததாம். அவங்க கோயில்ல சாமியாடிகிட்டப் போய்க் கேட்டிருக்காங்க. சீனத்துல சாமியாடியைத் தாங்கின்னு சொல்வாங்க. இந்தப் பொண்ணு இருக்கிற வீட்டுல ஆம்பளைங்களைத் தின்னுடும், வேற இனத்துக்காரங்க சோத்துல வளந்தாத்தான் தோஷம் போகும்னு அவன் மேல வந்த சாமி சொல்லிடுச்சாம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேம்மா. பல்லே முளைக்கல, இது எங்க ஆம்பளையைத் தின்னும்னேன். இந்த மூடநம்பிக்கையெல்லாம் நம்மகிட்ட ஆகாதுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். அந்தச் சீனச்சி திரும்பிக்கூடப் பாக்கல. எப்படித்தான் மனசு வருதோ சில பேருக்கு!

நல்லாத்தான் வளர்த்தேன். குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் அய்யாவுக்கு அவதான் உசிரு. அப்புறம் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தோம். அவரு கோ தவுக்கேகிட்ட லாரி ஓட்டினாரு. தவுக்கேன்னா தெரியும்ல, கடை முதலாளி. அரிசி, எண்ணெய், கருவாடு எல்லாம் மொத்தமா விக்கிற பெரிய கடை. மேல வீடு, கீழ கடை. நான் அந்த வீட்டுச் சமையக்கட்டுல பாத்திரம் கழுவினேன். எங்க வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம். ஜன்னலைத் திறந்தா தவுக்கே வீட்டு மாடி நேரா தெரியும். இதை ஞாபகம் வெச்சுக்கோ, நான் எதுக்காகச் செஞ்சேன்னு அப்பத்தான் புரியும்.

பூங்கா வளந்துட்டா. முகத்தைப் பாத்தா சீனச்சி, வாயைத் திறந்தா தமிழ். கோயில்ல தேவாரம் பாடுவா. புதுசா வர்றவங்க யாருடா பாடுறதுன்னு தேடுவாங்க, இவ முகத்தைப் பாத்துட்டு வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க. எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும்.

அந்தக் கோயில்லதான் சந்தானம்னு ஒரு பையன் இவளைப் பாத்திருக்கான். ஈயம் எடுக்கிற கம்பெனியில கரண்டு வேலை. நல்ல பையன்தான், நான் ஒண்ணும் சொல்லல. அவன் அம்மாவைக் கூட்டிட்டு முறையா வீட்டுக்கு வந்து பொண்ணு கேட்டான். அய்யாவு சந்தோஷத்துல கோப்பிக்கடைக்கு ஓடிப்போய்ப் பலகாரம் வாங்கிட்டு வராரு. எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்பத்தான் அந்தப் பையன் சொல்றான், சிங்கப்பூர்ல துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு அத்தே, கல்யாணம் முடிஞ்சதும் பூங்காவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு.

சிரிச்சுக்கிட்டே சொல்றான்மா. அவளும் கதவுக்குப் பின்னாடி நின்னு சிரிக்கிறா. நான் இங்க உக்காந்திருக்கேன், என்னைப் பாத்து ஒரு வார்த்தை, அம்மா நீ என்ன பண்ணுவேன்னு ஒரு வார்த்தை, ரெண்டு பேருக்கும் தோணல. ராத்திரி பகலா தூக்கி வளர்த்தவ நானு. சிங்கப்பூருக்கு அனுப்பவா வளர்த்தேன்?

ஒண்ணும் பண்ணல நான். மறு வாரம் அந்தப் பையனோட அம்மாவைப் பசார்ல பாத்தேன். பேச்சோட பேச்சா, இவ புலி வருசத்துல பொறந்தவ, வீட்டு ஆம்பளையைத் தின்னுடுவான்னுதான் பெத்தவளே தூக்கிக் கொடுத்தா, உங்களுக்குத் தெரியாம எப்படி, சம்பந்தியாகப் போறோம், மறைக்கக் கூடாதுல்லன்னு சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல. அந்தம்மாவுக்கு ஒரே பையன் வேற. கையில இருந்த கீரைக்கட்டை அப்படியே கீழ போட்டுட்டுப் போயிட்டா.

சந்தானம் தனியா சிங்கப்பூர் போனான். பூங்கா அழுதா. நான்தான் மடியில போட்டுத் தட்டிக்கொடுத்தேன். யாரு சொன்னாங்களோம்மா, யாரு சொன்னாங்களோன்னு என்னைக் கட்டிக்கிட்டே அழுதா. ஊரு வாய்மான்னேன்.

இந்தப் பக்கம் தவுக்கே வீட்டுல ஒரு சாவு. மூத்த பையன் பூன் ஹெங், கல்யாணம் ஆகல, ஈயம் தோண்டி எடுத்துட்டு விட்ட பழைய குட்டையில குளிக்கப் போய் முங்கிட்டான். அந்தக் குட்டைங்க பாக்கத்தான் அமைதியா இருக்கும், ஆழம் தெரியாது. தவுக்கே பொண்டாட்டி பைத்தியமாயிட்டா. ராத்திரியில பையன் நனைஞ்ச சட்டையோட கால்மாட்டுல நிக்கிறானாம். குளிருதும்மா, போத்திவிட ஆளில்லன்னு சொல்றானாம். வீட்டுல சின்னவங்களுக்கு மாத்தி மாத்திச் சீக்கு. கோயில்ல போய்க் கேப்போம்னு கிளம்பினாங்க. எனக்குப் பூசைத் தட்டு தூக்குற வேலை.

அந்தக் கோயில் தாங்கிக்குப் பகல்ல பசார்ல மீன் வெட்டுற வேலை. அவன் பொண்டாட்டிதான் மீன் விக்கிறவ. சாமி வந்தா ஆளே வேறயாயிடுவான். கண்ணு மேல சொருகிடும். கத்தியால நாக்கைக் கீறி அந்த ரத்தத்தால மஞ்சக் காகிதத்துல எழுதுவான். கூட நிக்கிற பூசாரி அதைப் படிச்சுச் சொல்வான். அன்னைக்கும் அப்படித்தான். மேளத்தை அடி அடின்னு அடிக்கிறாங்க, அவன் உடம்பு உதறுது, நாக்கைக் கீறிக்கிட்டான். பூசாரி படிக்கிறான். பையன் பொண்டாட்டி கேக்குறானாம். தூரத்துல தேட வேண்டாமாம். ரோட்டுக்கு எதிர்ல இருக்காளாம். எலும்பு சீன எலும்பாம், தின்ன சோறு தமிழ்ச் சோறாம். புலி வருசமாம்.

எல்லாரும் திரும்பி என்னைப் பாக்குறாங்க. சாமிக்கு எப்படித் தெரிஞ்சது பாரேன்! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு.

முந்தின நாள் மீன்காரம்மாகிட்ட நான் பேசிட்டிருந்தது நெசம்தான். மீன் வெட்டி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிட்டா நிக்க முடியும்? தவுக்கே வீட்டுச் சங்கதி வந்துச்சு. பூங்கா என்னைக்குப் பொறந்தா, எங்கிருந்து வந்தா, கல்யாணம் நின்னுபோச்சு, இனி யாரு கட்டுவான்னு சொல்லிப் புலம்பினேன். அந்த வீட்டுலயே அவ ஒரு மூலையில இருந்துட்டாகூட எனக்கு நிம்மதின்னேன். சும்மா பேச்சு. அதை அவ போய்ப் புருசன்கிட்டச் சொல்லியிருந்தாகூட, சாமி வந்த நேரத்துல அவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா என்ன?

ஏம்மா அப்படிப் பாக்குற? செத்தவனுக்குக் கல்யாணம் பண்றது அவங்க சீனாவுல காலங்காலமா இருக்கிற வழக்கம். செத்த பையனுக்குச் செத்த பொண்ணாப் பாத்து முடிப்பாங்களாம். அமையலைன்னா உசிரோட இருக்கிற பொண்ணும் போவாளாம். மாமனார் வீட்டுல இருந்துக்கிட்டு, புருசன் பேரு எழுதின மரப்பலகைக்குச் சோறு வெச்சு விளக்கேத்தணும். அவ்வளவுதான் வேலை. நீயே யோசிச்சுப் பாரு. குடிச்சுட்டு வந்து அடிக்கிற புருசன் இல்ல. புள்ளப்பேத்து வலி இல்ல. நல்ல வீடு, நல்ல சோறு. என் ஜன்னலைத் திறந்தா என் பொண்ணு தெரிவா. உசிரோட இருக்கிற மாப்பிள்ளை இதுல எதைக் கொடுத்துடப் போறான்?

பூங்கா ஒத்துக்கல. பேய்க்கா கட்டிக்கொடுக்கப் போறே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்குன்னு கேட்டா. அய்யாவு அப்ப லாரியில கிளந்தான் பக்கம் போயிருந்தாரு. திரும்பி வந்தவரு காய்ச்சல்ல படுத்துட்டாரு. மழையில நனைஞ்ச காய்ச்சல். ஒண்ணும் புரியாம உளறிட்டுக் கிடந்தாரு. டாக்டரு வந்து ஊசி போட்டு, ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்னு வெளியில வெச்சு என்கிட்டச் சொல்லிட்டுப் போனாரு.

நான் உள்ள போனேன். பூங்கா அவரு காலைத் தேச்சுவிட்டுட்டு இருக்கா. டாக்டர் என்னம்மா சொன்னாருன்னா. இது டாக்டருக்குக் கட்டுப்படாதாம், அந்தப் பையன் வந்து உங்கப்பா நெஞ்சு மேல உக்காந்திருக்கான்னேன். நீ மாட்டேன்னு சொன்னதுக்குத்தான்னேன். நான் ஆம்பளையைத் தின்னுடுவேன்னு சொன்னாங்களாமே, அது இதுதானாம்மான்னு கேட்டா. ரொம்ப மெதுவாக் கேட்டா. நான் பதில் சொல்லல. பதில் சொல்லாம இருக்கிறது பொய் சொல்றது ஆகாதுல்ல.

சரின்னா. ஒரு நாள் சடங்குதானேம்மா, முடிஞ்சா வீட்டுக்கு வந்துடலாம்லன்னா. ஆமான்னு சொல்லிட்டேன். முழுசும் சொன்னாச் சின்னப் பொண்ணு பயந்துடாதா?

கல்யாணத்தன்னைக்கு அவளைப் பாக்கணுமே! சிவப்புப் பட்டு, தலையில பொட்டுப் பொட்டாப் பூ. மாப்பிள்ளைக்குப் பதிலா வெள்ளைச் சேவல். கழுத்துல சிவப்புத் துணி கட்டி, தவுக்கே தம்பி கையில பிடிச்சிட்டு நிக்கிறாரு. பக்கத்துல பூன் ஹெங் போட்டோ. காகிதத்துல கட்டில், காகிதத்துல கார், காகிதத்துல வேலைக்காரங்க, எல்லாம் அடுக்கி வெச்சிருக்கு, எரிச்சா செத்தவனுக்குப் போய்ச் சேருமாம். ஒவ்வொரு தடவை இவ குனிஞ்சு கும்பிடும்போதும் சேவல் தலையையும் அமுக்கிக் குனிய வைக்கிறாங்க. அது உதறிட்டு அவ கைச்சட்டையில அசிங்கம் பண்ணிடுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் மட்டும்தான் சிரிச்சேன் போல.

கும்பிட்டு முடிஞ்சதும் சிவப்பைக் கழட்டச் சொன்னாங்க. சாக்குத் துணியில தைச்ச சாவு உடுப்பைப் போட்டுவிட்டாங்க. பொண்டாட்டியான அந்த நிமிஷமே விதவைதானே. அவளுக்குப் பாஷை புரியல, எதுக்கு மாத்துறாங்கன்னு தெரியல. என்னைத் தேடிப் பிடிச்சு, அம்மா, முடிஞ்சுதுல்ல, வா வீட்டுக்குப் போலாம், அப்பாவுக்குக் கஞ்சி வைக்கணும்கிறா.

இனி இதுதாம்மா உன் வீடுன்னேன்.

அவ அழல, கத்தல. தவுக்கே வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பக்கமும் பிடிச்சு மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. படியில திரும்பிப் பாப்பான்னு நின்னேன். பாக்கல.

அய்யாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. எழுந்து உக்காந்து பூங்கா எங்கன்னாரு. சொன்னேன். சட்டையைக்கூடப் போடாம எதிர் வீட்டுக்கு ஓடினாரு. தவுக்கே என்ன சொன்னாரோ, அவ என்ன சொன்னாளோ, திரும்பி வந்து வாசப்படியில உக்காந்தாரு. நான் சோறு போட்டுக் கொண்டுபோய் வெச்சேன். தட்டைத் தள்ளிவிட்டாரு. அன்னையிலிருந்து சாகுற வரைக்கும் அந்த மனுசன் என் கையால ஒரு வாய் சாப்பிடலம்மா. மூணு வேளையும் கோப்பிக்கடையில. பொண்டாட்டிக்கு இதைவிட அவமானம் உண்டா? நான் தினமும் வடிச்சு, தினமும் நாய்க்குப் போட்டேன். அவரு எனக்குச் செஞ்ச கொடுமையை மட்டும் யாரும் பேச மாட்டாங்க.

பூங்கா மாடியில விடியும்போது பலகைக்கு முகம் கழுவத் தண்ணி வெப்பா. மூணு வேளை சோறு வெச்சு, சீனத்துல பேரு சொல்லிக் கூப்பிடுவா. கட்டில்ல ரெண்டு தலையணை போடுவா. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருப்பேன். கையாட்டுவேன். முதல் மாசம் அவளும் நின்னு பாத்தா. அப்புறம் ஜன்னலுக்குத் திரை போட்டுட்டாங்க. போட்டது அவதான்னு பின்னாடி சொன்னாங்க.

பாத்திரம் கழுவப் போற இடத்துல பேசலாம்னு பாத்தேன். சமையக்கட்டுக்குக் கீழ வருவா. பூங்கா, சாப்பிட்டியாம்பேன். சீனத்துல ஏதோ சொல்வா. தமிழ்ல சொல்லுடிம்பேன். மறுபடியும் சீனத்துலதான் சொல்வா. கொஞ்ச நாள்ல என்னை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. சம்பந்திங்கிற மரியாதைகூட இல்ல. நான் கேட்டனா அந்த மரியாதையை? வாயைத் திறந்து கேக்கல.

தவுக்கேயும் அந்தம்மாவும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க. செத்த பூன் ஹெங்குக்கு வாரிசு வேணும்னு சொந்தத்துல ஒரு ஆம்பளைப் புள்ளையைத் தத்தெடுத்து பூங்கா மடியில வெச்சிருந்தாங்க. அவனும் வளந்துட்டான். வீடு, கடை எல்லாம் இப்ப அவ சொன்னபடிதான் நடக்குது. பாத்தியா, நான் கொடுத்த இடம் எப்படிப்பட்ட இடம்னு! சிங்கப்பூர்ல துறைமுகத்துக்காரனைக் கட்டியிருந்தா வாடகை வீட்டுல கிடந்திருப்பா.

அய்யாவு செத்தப்ப வந்தா. சாக்குத் துணி உடுப்பு போட்டுட்டு, வாசல்லயிருந்து முட்டி போட்டு நகந்தே வந்தா. சீன வீட்டுல சொந்த மகதான் அப்படி வருவாளாம். அப்பா காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா பாரு, தெருவே அழுதுச்சு. சத்தம் போட்டு அழுதா, ஆனா ஒரு வார்த்தை தமிழ் வரல. நான் போய், பூங்கா, எனக்கு இனி உன்னை விட்டா யாரும்மான்னு தோளைத் தொட்டேன். எழுந்து நின்னு ஏதோ சொல்லிட்டுப் போயிட்டா. மீன்காரம்மா பக்கத்துல நின்னுட்டிருந்தா. பசார்ல தமிழாளுங்களுக்கு வித்து வித்து நல்லாவே தமிழ் பேசுவா. என்ன சொன்னான்னு கேட்டேன். எனக்கு அம்மா செத்து ரொம்ப காலமாச்சுன்னு சொல்றா, அப்படின்னா.

அந்த வேலிக்காரச் சீனச்சியைத்தான் சொல்லியிருப்பா. அவ செத்திருக்கலாம், யாரு கண்டா.

நான் இப்ப ஈப்போவுல முதியோர் இல்லத்துல இருக்கேன். நல்லாத்தான் பாத்துக்குறாங்க. ஆனா வருசத்துக்கு ஒரு தடவை, சீனவங்களுக்கு ஏழாம் மாசம் வரும்போது, இந்த பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். அந்த மாசம் பேய்ங்களுக்குக் கதவு திறந்து விடுவாங்களாம். சொந்தம் பந்தம் இல்லாமச் செத்ததெல்லாம் பசியோட தெருவுல சுத்துமாம். அதுங்களுக்காகச் சாயங்காலம் ரோட்டோரத்துல சோறு, பழம், ஊதுபத்தி வெப்பாங்க. ஒரு வருசம் தற்செயலா அந்தப் பக்கம் போனேன். எதிர்ப்பக்கம் நின்னு பாக்குறேன், பூங்கா கடை வாசல்ல வந்து வரிசையாத் தட்டு வெக்குறா. எல்லாத்துலயும் சீனச் சாப்பாடு. கடைசியில, கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு. அதுல சோறும் நெத்திலி சம்பலும். எனக்கு நெத்திலி சம்பல்னா உசிரு. சோத்துல ஊதுபத்தியைக் குத்தி வெச்சா. அப்புறம் ரோட்டைப் பாத்து, தமிழ்லம்மா, தமிழ்ல சொல்றா. செங்கமலம், வா, வந்து தின்னுட்டுப் போ.

எத்தனையோ வருசம் கழிச்சு அவ வாயால தமிழ்! ரோட்டைக் கடந்து போனேன். ஊதுபத்தியைப் பிடுங்கி ஓரமா வெச்சுட்டு, அங்கயே தரையில உக்காந்து ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டேன். அவ முன்னாடிதான் நிக்கிறா. என்னைத் தாண்டி ரோட்டையே பாத்துட்டிருந்தா. பூங்கான்னேன். கண்ணு அசையல. கண்ணுல தண்ணி வந்துடும்னு பயந்திருப்பா. தட்டு காலியானதும் மகன்கிட்டச் சீனத்துல ஏதோ சொல்லிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா.

பக்கத்துக் கடை வாசல்ல தட்டு வெச்சிட்டிருந்த மீன்காரம்மாகிட்டப் போய்ச் சொன்னேன், என் பொண்ணு எனக்குச் சோறு போட்டான்னு. அவ தலையில அடிச்சுக்கிட்டா. அது செத்தவங்களுக்கு வெக்கிற தட்டு, அதைப் போய் ஏன் தின்னே, உன்னை அவ செத்தவளாத்தான் வெச்சிருக்கான்னா. உள்ள போகும்போது மகன்கிட்ட என்ன சொன்னாளாம் தெரியுமா? அது வந்து தின்னுட்டுது, இனி ஒரு வருசத்துக்கு வீட்டுப் பக்கம் வராதுன்னாளாம்.

மீன்காரம்மாவுக்கு வயசாச்சு. பேச்சுல எல்லாம் குழப்புவா. சீனத்துல அவன், அவ, அது எல்லாத்துக்கும் ஒரே சொல்லுதானாம், அவளே சொல்லியிருக்கா. இவ தமிழ்ல மாத்துறப்ப 'அது'ன்னு ஆக்கிட்டா. பூங்கா 'அவங்க'ன்னுதான் சொல்லியிருப்பா. அம்மா வந்து சாப்பிட்டுட்டாங்கன்னு சொல்லியிருப்பா. அம்மாங்கிறதை வெளியில காட்டிக்க முடியுமா, பெரிய வீட்டுப் பொம்பளை?

அதுக்கப்புறம் ஒரு வருசம்கூட விடல நான். அவளும் விடல. தட்டு இருக்கும், பேரு சொல்லிக் கூப்பிடுவா. போன வருசம் சம்பல்ல காரம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. அதையும் முடிச்சேன்.

அடுத்த ஸ்டாப்புல இறங்கணும், மணியை அடிச்சு விடும்மா. காலையில இல்லத்துல ரொட்டி கொடுத்தாங்க, வேண்டாம்னுட்டேன். கூப்பிடுற இடத்துக்குப் பசியோடதானே போகணும்.